சத்தமில்லாத வீட்டில் பட்டாணி

சிலருக்குத் தூசி ஆகாது, சிலருக்குப் பூனை முடி ஆகாது. அத்தைக்குச் சத்தம் ஆகாது. டிக் டிக் என்று வாயாடிய குற்றத்துக்காக அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் வேலையை இழந்து அலமாரிக்குள் கிடந்தது. நாற்காலிக் கால்கள் எல்லாம் கம்பளிக் காலுறை போட்டிருந்தன. கதவுக் கீல்கள் குடித்த எண்ணெயில் ஒரு குடும்பம் சமையலே முடித்திருக்கும். தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெண்டி ஒன்றை யாரோ பரிசாகக் கொடுத்தார்கள். மறுநாளே அதன் விசிலைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால் "குறட்டை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

பார்த்த வேலையும் அதற்கேற்ற வேலைதான். ஒரு மருத்துவமனையின் காதுப் பிரிவில், வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பாள். அங்கே அறைக்குள் அறையாக ஒரு சின்னக் கூண்டு உண்டு. நாலு சுவரிலும் பஞ்சு வைத்து அடைத்திருக்கும், வெளிச்சத்தம் ஒரு பொட்டும் உள்ளே போகாது. வருகிறவரை அதற்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள் என்பாள். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவாள். உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த இடம் அந்தக் கூண்டுதான். மத்தியானச் சாப்பாட்டைக்கூட அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

கூடப் பிறந்த தம்பியோ சத்தத்துக்கே வாக்கப்பட்டவன். ரொட்டிக் கடை வைத்திருந்தான். கீழே அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும், மேலே வீடு. ஊர் அடங்குகிற நேரத்தில் அந்த இயந்திரம் தட தட, கடார் என்று ஆரம்பித்தால் விடிகிற வரை ஓயாது. அதற்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசியே தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தொண்டை பெருத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு எங்கே என்று கேட்டாலும் பக்கத்துத் தெருவிலிருந்து யாராவது உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் உருண்டவள்தான் பட்டாணி. தம்பியின் ஒரே மகள், எட்டு வயது. குழந்தையாக இருந்தபோது நடப்பதைவிட உருள்வது அதிகம் என்பதால் வந்த பெயர். ஆறு வயதில் அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. அன்று முதல் ஊசி, கணக்காகச் சாப்பாடு, மேல்கையில் ஒட்டிய பொத்தான் போன்ற ஒரு சின்னக் கருவி. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அந்தப் பொத்தான் பார்த்துக்கொண்டே இருந்து, அவள் எங்கே இருந்தாலும் அப்பாவின் போனுக்கு எண்ணாக அனுப்பும். ரொம்ப இறங்கினால் போன் அலறும். சர்க்கரை மூட்டைகளுக்கும் கேக்குகளுக்கும் மேல்மாடியில் சர்க்கரை நோயோடு ஒரு பிள்ளை வளர்வது லேசான காரியம் இல்லை. பட்டாணி அதைப் பெரிதுபடுத்தவில்லை. கீழே இருக்கிற கேக்கெல்லாம் தன் கண்ணுக்குச் செங்கல் மாதிரித்தான் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வாள்.

வம்பு சாப்பாட்டில் வரவில்லை, தூக்கத்தில் வந்தது. ரொட்டிக் கடைப் பிள்ளைக்குத் தூங்க ஒரு நேரம் ஏது? வேலை சூடு பிடிக்கும்போது மாடியிலிருந்து இறங்கி வந்து மாவு மேஜைக்குக் கீழே உட்கார்ந்து கதை கேட்பாள். தூக்கம் வந்தால் வந்தது, வராவிட்டால் அடுப்பிலிருந்து முதல் ரொட்டி இறங்குகிற வரை ஊர்க்கதை. அவளுடைய எண்களும் அப்படியே ஏறி இறங்கி ஊஞ்சலாடின. சிகிச்சைக்குப் போகிற இடத்தில் இருந்த நர்ஸ், இவர்கள் வீட்டு மொழியில் சர்க்கரை சிஸ்டர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை நேரத்துக்குத் தூங்க வேண்டும், இருட்டான அமைதியான அறையில் தூங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அமைதி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தம்பிக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. பட்டாணி சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, அத்தை வீட்டில் போய்த் தூங்குவது என்று முடிவாயிற்று. நடந்தால் இரண்டு தெரு. போன் தம்பியிடம் இருக்கும். அலறினால் அவன் உடனே அக்காவைக் கூப்பிடுவான். அவள் போன் சத்தம் போடாது, தலையணைக்கு அடியில் அதிரும்.

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் அந்த வீட்டின் அமைதி சில நாள் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. சின்ன அறையைக் காலி செய்தாள். புதுக் கட்டில் வாங்கினாள். படுத்துப் புரண்டால் முனகாத கட்டிலாகப் பார்த்து, கடையில் ஒவ்வொன்றிலும் ஏறிப் புரண்டு, கடைக்காரர் கூப்பிட்டு எச்சரிக்கிற வரை தேடினாள். ஜன்னலுக்குக் கனமான திரை, முயல் படம் போட்ட போர்வை. பட்டாணி படுத்த பிறகு பூனை மாதிரி நடந்தாள், குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தாள், தும்மல் வந்தால் தெருவில் போய்த் தும்மிவிட்டு வந்தாள். காலையில் நல்லா தூங்கினியா என்று கேட்டால் பட்டாணி "சூப்பரா தூங்கினேன் அத்தை" என்பாள். அந்த ஒரு வரியில் அத்தைக்கு அன்றைய சாப்பாடே முடிந்துவிடும். பட்டாணி இங்கேயே தூங்க வேண்டும், இது நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. முன்பு எண்கள் ஊஞ்சலாடியதாவது உண்டு. இப்போது ஏறினது ஏறினபடி நின்றன. ராத்திரி மெல்ல ஏற ஆரம்பித்து, காலையில் உச்சியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன. வேளாவேளைக்கு ஊசி போகிறது, சாப்பாடு அளந்து போகிறது, அப்படியும் ஏறுகிறது. தம்பி ரொட்டிக்காரன். பிறந்ததிலிருந்து சர்க்கரையோடு புழங்கியவன். ஒரு இடத்தில் சர்க்கரை ஏறினால் யாரோ அங்கே சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம். யார் கொட்டியிருப்பார்கள்? அத்தைகள் செல்லம் கொடுப்பவர்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து அக்காவின் சமையலறையில் சோதனை போட்டான். அவன் மூக்கு லேசுப்பட்டதல்ல. மூடின மூட்டைக்குள் இருப்பது பொடிச் சர்க்கரையா பழுப்புச் சர்க்கரையா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவான். அலமாரி அலமாரியாக முகர்ந்துகொண்டே போனவன் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததும் நின்றான். மனைவியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். நான் அப்பவே சொல்லலை? என்பது அதற்கு அர்த்தம். வெற்றிக் களிப்போடு திறந்தான். உள்ளே நூல்கண்டும் ஊசியும் சட்டைப் பொத்தான்களும் இருந்தன. எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருந்ததில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து ஒரு ஜாம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். அதைக் கொடுத்தனுப்பியதே அவன்தான் என்று அத்தை தாழ்ந்த குரலில் நினைவூட்டினாள்.

தம்பி மனைவி நல்லவள்தான், ஆனால் மனதில் இருப்பதை மென்று முழுங்கத் தெரியாதவள். அண்ணி பாசத்தில் செய்திருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம், ஆனால் இதே மாதிரி இன்னும் ஒரு வாரம் போனால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டாள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அத்தைக்கு மடியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பயமாக இருந்தது. அவர்கள் போன பிறகு நூல்கண்டு டப்பாவை மூடி மேல்தட்டில் திருப்பி வைத்தாள்.

சர்க்கரையை ஏற்றுகிற திருடனைத் தானே பிடிப்பது என்று தீர்மானித்தாள். அதற்கு வேண்டிய வித்தை அவள் கையிலேயே இருந்தது. காது நன்றாகக் கேட்டும் கேட்காத மாதிரி நடிப்பவர்கள் அவளிடம் அடிக்கடி வருவார்கள். வேலைக்குப் போகப் பிடிக்காத ஒரு ஆள் வந்தார். மனைவி பேச்சிலிருந்து தப்பிக்க இன்னொருவர் வந்தார். அத்தை சண்டைக்குப் போக மாட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகுப் பக்கம் நின்று, காற்றைவிட மெல்ல, "உங்க பேன்ட் பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்பாள். கை தானாகப் பின்னால் போகும்.

மறுநாள் விடிந்து திரையோரம் வெளுத்ததும் சின்ன அறைக்குள் போனாள். பட்டாணி போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். கண் மூடியிருந்தது, கை நெஞ்சின் மேல் இருந்தது, மூச்சு சீராக வந்தது. ரொம்பச் சீராக வந்தது. தூங்குகிற பிள்ளை இத்தனை ஒழுக்கமாக மூச்சு விடாதே என்று அத்தையின் காது அப்போதுதான் சந்தேகப்பட்டது. அவள் கட்டிலருகே குனிந்து, உதட்டைக்கூட அசைக்காமல், "உங்கப்பா தொப்பை ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி நாளுக்கு நாள் உப்பிக்கிட்டே போகுது" என்றாள்.

முயல்கள் குலுங்கின. முதலில் வயிற்றுப் பக்கத்து முயல், அப்புறம் தோள் பக்கத்து முயல். பட்டாணி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று சொன்னவர்கள் இந்த அத்தையைப் பார்த்ததில்லை.

சிரித்து முடித்ததும் பிள்ளை முகம் மாறிவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இங்கே வந்த நாள் முதலாகத் தூக்கம் என்பது கோழித் தூக்கம்தானாம். கொஞ்சம் கண்ணை மூடுவாளாம், திடுக்கென்று முழித்துக்கொள்வாளாம், மறுபடி விடிகிற வரை காத்திருப்பாளாம். அத்தை இத்தனை பாடுபட்டுக் கட்டில் வாங்கியிருக்கும்போது தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன்டா கண்ணு தூக்கம் வரல?"

"இங்க சத்தமே இல்ல அத்தை."

அத்தைக்குப் புரியவில்லை. சத்தம் இல்லாமல் இருந்தால்தானே தூங்க முடியும்?

"எங்க வீட்ல மெஷின் ஓடும்ல, அது ஓடுனா அப்பா முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு சுகர் இறங்கினா பாத்துப்பாங்க. இங்க எல்லாரும் தூங்கிடறீங்க. அப்ப யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல? அதான் நான் முழிச்சிருக்கேன்."

போன் அலறுமே, அப்பா கூப்பிடுவாரே என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் அப்பாவின் போன் மாவுத் தொட்டியில் விழுந்து செத்துப்போனதைப் பட்டாணி எடுத்துச் சொன்னாள். அதோடு அத்தை தூங்கினால் குறட்டைகூட விடுவதில்லை, இருக்கிறாளா இல்லையா என்றே தெரிவதில்லை என்றும் சொன்னாள். இருபது வருஷமாக ஊரார் காதையெல்லாம் சோதித்தவளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பயந்துகொண்டு படுத்திருந்தது கேட்கவில்லை. அத்தை முயல் போர்வையை இழுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றே போய்த் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கட்டில் காலியாகிவிடும் என்று தெரியும். அதனால், இன்று முதல் நான் முழித்திருக்கிறேன், நீ தூங்கு என்று பட்டாணியிடம் வாக்குக் கொடுத்தாள். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆனால் சத்தம் போடாமல் முழித்திருப்பவளுக்கும் தூங்குகிறவளுக்கும் இருட்டில் என்ன வித்தியாசம்? கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "அத்தை, முழிச்சிருக்கீங்களா?" என்று குரல் வரும். இவள் "ம்" என்பாள். சில நாள் இப்படி ஓடியது. இரண்டு பேருமே தூங்கவில்லை.

அதன் பலன் காதுப் பிரிவில் தெரிந்தது. ஒரு பெரியவரைக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த அத்தை, ஒரு சத்தத்தையும் அனுப்பாமல் மேஜையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உள்ளே அந்த மனிதர் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார், ஒன்றுமே கேட்கவில்லை. காது அடியோடு போய்விட்டது என்று முடிவு கட்டி, வெளியே வந்து, கண் கலங்க மகனுக்குப் போன் போட்டுச் சொத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மகன் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பெரிய டாக்டர் அத்தையைக் கூப்பிட்டுத் தனியாகச் சில வார்த்தைகள் பேசினார்.

அந்த வாரமே சர்க்கரை சிஸ்டரிடம் போகும் நாள் வந்தது. பிரச்சினை அத்தை வீட்டில் என்பதால் அத்தையும் வர வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். நாலு பேரும் சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிஸ்டர் கணினித் திரையில் எண்கள் போட்ட கோட்டைப் பார்த்தார், ராத்திரியில் அது மலையேறுவதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். ராத்திரியில் பிள்ளை ஏதாவது சாப்பிடுகிறதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தம்பியும் தம்பி மனைவியும் ஒரே நேரத்தில் அத்தை பக்கம் திரும்பினார்கள்.

அந்த ஒரு நொடியில் அத்தை போட்ட கணக்கு இது. தின்பண்டம் கொடுத்தவள் என்றால் திட்டு விழும், அலமாரிக்குப் பூட்டு விழும், ஞாயிற்றுக்கிழமை சோதனை நடக்கும். ஆனால் பட்டாணி வருவாள். திருந்தின அத்தைக்கு மன்னிப்பு உண்டு. பிள்ளைக்குப் பயத்தைக் கொடுக்கிற வீட்டுக்கு என்ன மன்னிப்பு இருக்கிறது?

"நான்தான் சிஸ்டர் குடுத்தேன்," என்றாள். "ராத்திரியில பிஸ்கட்."

பட்டாணியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தம்பிக்கு, மகளுக்குச் சர்க்கரை ஏறின கவலையெல்லாம் ஒரு கணம் மறந்து, தன் மூக்கு பொய் சொல்லவில்லை என்ற பெருமிதத்தில் மார்பு நிமிர்ந்தது. சிஸ்டர் திட்டவில்லை. என்ன பிஸ்கட், எத்தனை, எப்போது என்று பொறுமையாகக் கேட்டார். பிஸ்கட்டைக் கடிக்கும்போது எழும் சத்தத்துக்குப் பயந்தே அதை வீட்டில் சேர்க்காத அத்தை, "வட்டமா இருக்கும்" என்றாள். கிரீம் வைத்ததா என்று தம்பி குறுக்கிட்டான். வைத்ததுதான் என்றாள். என்ன கிரீம் என்று கேட்டான். தொழில்காரன் இல்லையா? வெள்ளையாக இருக்கும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

சிஸ்டர் இனிமேல் அதை நிறுத்திவிடச் சொன்னார். அங்கேதான் தம்பி மனைவி வாயைத் திறந்தாள். அண்ணி சரி என்றுதான் சொல்வார்கள், ஆனால் பிள்ளை முகம் வாடினால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் பிஸ்கட்டுக்கும் சேர்த்து ராத்திரி இன்சுலினைக் கூட்டிவிட முடியுமா என்று கேட்டாள். சிஸ்டர் யோசித்தார். தினமும் நடப்பது உறுதி என்றால் டாக்டரிடம் கேட்டு இன்றைக்கே மாற்றலாம் என்று மேஜையில் இருந்த போனை எடுத்தார்.

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத பிஸ்கட்டுக்கு இன்சுலின். அது உள்ளே போனால் தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் பிள்ளையின் சர்க்கரையையே தின்றுகொண்டு அதைக் கீழே கீழே இழுத்துவிடும். கனமான திரை போட்ட இருட்டறையில், முனகாத கட்டிலில், பிள்ளை மயங்கிக் கிடந்தால் எந்தச் சத்தம் அத்தையை எழுப்பும்? தம்பியின் போன் மறுபடி மாவில் விழுந்தால்?

"சிஸ்டர், போனை வைங்க."

அந்தக் குரல் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. தம்பியே மிரண்டுபோனான். அக்காவுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது அவனுக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது.

"பிஸ்கட்டே இல்ல. நான் சொன்னது அத்தனையும் பொய். அவ என் வீட்ல ஒரு வாய் எதுவும் சாப்பிட்டதில்ல. தூங்கறதே இல்ல. என் வீட்ல அவளுக்குப் பயமா இருக்கு. அதை நான் மறைச்சுட்டேன், அவ வராம போயிடுவாளேன்னு."

பட்டாணி அழ ஆரம்பித்தாள். அத்தை மேல் தப்பில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன் என்று விக்கலுக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் ஓடுவது, அப்பா முழித்திருப்பது, யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பது எல்லாம் வந்தது. தம்பி மனைவி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தம்பி கூரையைப் பார்த்தபடி கண்ணைப் பலமாகச் சிமிட்டினான். மாவுத் தூசி என்று பிறகு சொன்னான், அங்கே மாவே கிடையாது.

சிஸ்டர் போனை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறத் தின்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை என்று தம்பிக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். தூக்கம் கெட்ட உடம்பு முரண்டு பிடிக்கும், அதே இன்சுலின் போனாலும் சொன்ன பேச்சைக் கேட்காது, பயத்தோடு முழித்திருந்தால் உடம்பு தானாகவே சர்க்கரையை எடுத்து வெளியே விடும். இருட்டு, அமைதி என்று நான் வாய்ப்பாடு ஒப்பித்தேனே தவிர, எந்த இடத்தில் உனக்குப் பயமில்லை என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். பட்டாணி உடனே அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காத. சிஸ்டரைப் பாத்துச் சொல்லு," என்றாள் அத்தை.

"எங்க வீட்ல," என்றாள் பட்டாணி.

வலிக்கத்தான் செய்தது. அத்தை தலையை ஆட்டிச் சிரித்து வைத்தாள். நேரத்துக்குப் படுக்க வேண்டும், படுத்த பிறகு கீழே இறங்கி வந்து ஊர்க்கதை கேட்கக் கூடாது, மெஷின் அது பாட்டுக்கு ஓடட்டும், தம்பியின் போன் இனி மாவுப் பக்கமே போகக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பட்டாணியின் துணிமணிகளை எடுத்துக்கொள்ள எல்லோரும் நேராக அத்தை வீட்டுக்கு வந்தார்கள். மத்தியான வெயில், எல்லோருக்கும் களைப்பு. பட்டாணி கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ள, பெரியவர்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் முட்டி மோதிக்கொண்டு பையில் அடைத்தார்கள். அடக்கி வைத்தது அங்கேதான் வெடித்தது. பிஸ்கட் என்று பொய் சொல்ல உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று தம்பி ஆரம்பித்தான். நூல்கண்டு டப்பாவை மோப்பம் பிடித்தவன் பேசுகிற பேச்சா இது என்று அத்தை திருப்பிக் கொடுத்தாள். வெள்ளைக் கிரீம் வரைக்கும் சொன்னீர்களே அண்ணி என்று தம்பி மனைவி நடுவில் புகுந்தாள். நீ கேட்கவே இல்லை, உன் புருஷன்தான் கேட்டான் என்று அவளுக்கும் விழுந்தது. கம்பளிக் காலுறை போட்ட அந்த வீடு பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கண்டதில்லை.

சண்டையின் நடுவில் அத்தையின் காது எதையோ பிடித்தது. கையை உயர்த்தினாள். ஒரு மூச்சு, நீளமாக, ஒழுங்கில்லாமல், நடுவில் கொஞ்சம் மூக்கடைத்து, நின்று, மறுபடி இழுத்து. எல்லோரும் திரும்பினார்கள். பட்டாணி முயல் போர்வை மேல் குறுக்கே சரிந்து, வாயைத் திறந்து, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அறை அமைதியானது. ஆனதும் பட்டாணியின் புருவம் சுருங்கியது, மூச்சு அறுந்தது, இமை துடித்துப் பாதி திறந்தது.

"நிறுத்தாத," என்றாள் அத்தை சத்தமாக. "சண்டையை நிறுத்தாத. பேசுடா."

தம்பி திருதிருவென்று விழித்தான். சண்டை என்றால் தானாக வர வேண்டும், கேட்டவுடன் வருமா? அத்தை விடவில்லை. சின்ன வயதில் தன் பென்சில் பெட்டியைக் கிணற்றில் போட்டது யார் என்று கேட்டாள். அது ஆயிற்று முப்பது வருஷம் என்று அவன் கத்தினான். இமை மூடிக்கொண்டது. தம்பி மனைவி சேலை முந்தானையால் வாயைப் பொத்தித் தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்யாணத்தன்று தனக்கு நாற்காலி போடாதது யார் என்று அவள் பங்குக்கு ஒன்றைக் கிளப்பினாள். தம்பியின் போன் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்தபடியே கத்தினாள், எண் அடங்கித்தான் இருந்தது.

பழைய கணக்கெல்லாம் தீர்ந்துபோன ஒரு கட்டத்தில் தம்பியிடம் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சண்டைக் குரல் கொஞ்சமும் குறையாமல், "உன் மேல சந்தேகப்பட்டது என் தப்புதான், நீ மட்டும் இன்னிக்கு வாயைத் திறக்கலன்னா என் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்னு நெனச்சாலே நடுங்குது, போதுமா?" என்று கத்தினான்.

"போதாது," என்று அத்தை அதைவிட உரக்கக் கத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டில், தான் புரண்டு பார்த்து வாங்கின கட்டிலில், பிள்ளை தூங்குகிறாள். தம்பி தொண்டை கட்டிப்போய்த் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினான். தண்ணி அப்புறம், முதல்ல பென்சில் பெட்டிக்குப் பதில் சொல்லு என்று அத்தை மறுபடி ஆரம்பித்தாள். பட்டாணி சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தாள்.